முதலில் இதைப் பிரி

சேசு மரி சூசை

கல்லேரிக்குப்பம்,
கச்சிராயபாளையம் வழி,
20-4-1983, புதன் பகல்

அன்புள்ள அண்ணன் சிங்கராயருக்கு,

தங்கை கிரேஸ் எழுதுவது. அம்மா, நான், என் வீட்டுக்காரர், மகள் அமலோற்பவம் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். எக்ஸ்பிரஸ் தபால் என்றதும் நீ பதறிப்போவாய் என்பதால் இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உட்கார்ந்து படி.

இந்த உறையின் மேல் சிவப்பு மையில் 'முதலில் இதைப் பிரி' என்று எழுதப்போகிறேன். இதற்கு முன்பாகவோ, இதோடு சேர்ந்தோ என் கையெழுத்தில் ஒரு இன்லண்ட் லெட்டர் உனக்கு வரும். திங்கட்கிழமை நான் போட்டது. அது இன்னும் பிரிக்காமல் இருந்தால், உனக்குப் புண்ணியமாகப் போகும், பிரிக்காதே.

கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் போய்த் தந்தி கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் வீட்டிலிருந்து உனக்கு வந்தது ஒரே ஒரு தந்தி, அது அப்பா போனதற்கு. இன்னொன்றை உன் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணிக்குத் தனியாக எழுதி, அந்த இன்லண்டை அடுப்பில் போட்டுவிடச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். புருஷனுக்கு வந்த கடிதத்தை அவனுக்குத் தெரியாமல் எரிக்கச் சொல்லி நானே சொல்லிக்கொடுத்தால் அது எங்கே போய் முடியும்? அதனால் உனக்கே எழுதுகிறேன். மூன்று மணிக்குத் தபால் பை கட்ட வேண்டும். எழுத்து கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிப்ரவரியில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் உனக்கு வந்தது. அமலோற்பவத்துக்குத் திருநாவலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, மே பதினாறு கல்யாணம், தாய்மாமனாக நீ வந்து முன்னால் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். அதற்குப் பதில் இல்லை. தவக்காலம் போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. பதில் வரவில்லை என்று யாராவது என் தபால் ஆபீசுக்கு வந்து புலம்பினால், "இன்னொரு கடுதாசி போடுங்க, எங்கியாவது தவறிப்போயிருக்கும்" என்று சொல்லுகிறவள் நான். எனக்கென்று வந்தபோது அந்த இன்னொரு கடுதாசியைப் போடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன சொல்லை நீ மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நாலு பேருக்கு நடுவில் நிறுத்தி, "மாமன் சீரு வருமா, இல்ல மாமனே இல்லாத பொண்ணா?" என்று கேட்டுவிட்டார். அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் ஆபீசைத் திறந்ததும் உட்கார்ந்து எழுதினேன், ஒட்டினேன், முத்திரையையும் நானே குத்தினேன். பையில் போட்டு அரக்கு வைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

என் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும், நீ பார்த்திருக்க மாட்டாய். யாராவது ஆத்திரத்தோடு வந்து கடிதம் எழுதச் சொன்னால், சொன்னபடியே எழுதி அந்த டப்பாவில் போட்டுவிடுவேன். நாளைக்கு வாங்க, அப்பவும் இதே மாதிரி இருந்தா முத்திரை குத்தறேன் என்பேன். எலவனாசூர்கோட்டைக்குத் தாய்வீடு போன பெண்டாட்டிக்கு, இனி வரவே வேண்டாம் என்று எழுதச் சொன்ன கந்தசாமி, மறுநாள் நான் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தான். "அத்த கிழிச்சிடும்மா, புள்ளைங்க இல்லாம வூடே வூடு மாதிரி இல்ல" என்றான். ஏழு வருஷத்தில் அந்த டப்பாவிலிருந்து தபாலுக்குப் போனவை இரண்டே கடிதங்கள்தான். திங்கட்கிழமை அது என் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது, நான்தான் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு எழுதினேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாயை எதால் அடிப்பது, சொல்லு.

செவ்வாய்க்கிழமை காலை கண் விழித்ததுமே அதைத் திரும்ப எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். பை அதற்குள் விழுப்புரம் தாண்டியிருக்கும்.

இன்று காலை நடந்ததுதான் பெரிய கூத்து. மலையடிவாரத்தில் கரும்பு வெட்டுகிற சாலம்மாள் என்று ஒருத்தி. நம் அம்மாவின் பெயர்தான் அவளுக்கும். சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த இன்லண்டை எடுத்து நீட்டி, "இத்த கொஞ்சம் படிச்சிச் சொல்லும்மா, எம்மவன் போட்டது" என்றாள். அவள் மகன் சின்னதுரை கர்நாடகாவில் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். உன் கையெழுத்து!

மார்ச்சில் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குப் புதுச்சேரி அழைத்துப்போயிருந்தேன். அந்த எட்டு நாளும் தபால்காரர் பொன்னுரங்கம்தான் ஆபீசையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். நீ 'திருமதி சாலம்மாள், கல்லேரிக்குப்பம்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அவர் தனக்குத் தெரிந்த சாலம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இன்று கூப்பிட்டுக் கத்தினேன். "பெரிய டீச்சரம்மாவுக்கு இன்னா பேருன்னு எனுக்கு எப்படிம்மா தெரியும்? ஊரே டீச்சரம்மான்னுதான கூப்புட்டுக்கினு இருக்குது" என்றார். நம் அம்மாவை ஊரில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பொன்னுரங்கம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுப் பெயர் போடவில்லை, என் பெயர் போடவில்லை, அனுப்புநர் இடத்தைச் சுத்தமாகக் காலியாக விட்டிருக்கிறாய். தபால் ஆபீஸ்காரியின் அண்ணன் எழுதுகிற முகவரியா இது? நேரில் வா, உனக்கு இருக்கிறது.

நாற்பது நாளாக ஏன் படிக்காமல் வைத்திருந்தாய் என்று சாலம்மாளைக் கேட்டேன். வெட்டு முடிந்து இன்றைக்குத்தான் ஒழிந்தது என்றாள். "கடுதாசி வந்துதுன்னா புள்ள உசுரோட இருக்கான்னுதானம்மா அர்த்தம்? அது போதும்னு வச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அவளிடம் இது உன் மகன் போட்டதல்ல என்று நான் சொல்ல வேண்டியிருந்தது அண்ணா. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிறகு சேலையை உதறி எழுந்து, "போவட்டும், உங்கண்ணன் நல்லா இருக்கறாரில்ல?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை. அவள் மகன் இருக்கும் தோட்டத்து மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்புநர் முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன். இதே பையில் அதுவும் போகிறது.

அவள் போன பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். லீவு கிடைத்துவிட்டது, அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பதில் கண்டதும் டிக்கெட் எடுக்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில் அம்மாவுக்கு ஒரு வரி: 'நான் வந்து நிற்பதில் கிரேசுக்குச் சம்மதம்தானா என்று கேட்டு எழுதுங்கள்.'

அதைக் கேட்கத்தான் எனக்கு எழுதாமல் அம்மாவுக்கு எழுதினாயா? அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் நாற்பது நாள் எப்படி இருந்தாய்?

அப்பாவை அடக்கம் செய்து திரும்பும்போதுதான் நீ பெட்டியோடு வந்து இறங்கினாய். "மண்ணு போட்டப்புறம் வந்து இன்னா பண்ணப்போற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நீ ஒரு வாய்ச் சோறு சாப்பிடாமல் மறுநாள் போய்விட்டாய். தந்தி எப்போது போய்ச் சேரும், நீ இருக்கும் பிலாயிலிருந்து ரயில் எத்தனை நாள் என்று ஊருக்கே சொல்லுகிற எனக்கு, நீ எவ்வளவு ஓடியும் வந்து சேர்ந்திருக்க முடியாது என்று தெரியாதா? தெரியும். அப்பாவை இன்னும் ஒரு நாள் அடக்கம் செய்யாமல் வைத்திருந்திருக்கலாம், அதுவும் தெரியும். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதத்தில் 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதியே ஓட்டிவிட்டேன். இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அந்த இன்லண்டை நீ ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால் நான் ஒளிக்க ஒன்றும் இல்லை. எனக்கு அண்ணன் இல்லை என்று ஊரில் சொல்லிவிட்டேன், நீங்கள் வர வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறேன். வரிக்கு வரி 'நீங்கள்' போட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து உன்னை நான் நீங்கள் என்று சொன்னதுண்டா? ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை, அது பொய். உன்னைக் காயப்படுத்த வேண்டும் என்றே எழுதினேன். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகவும் பட்டது.

அம்மாவுக்கு இப்போது நன்றாகப் பார்வை தெரிகிறது. மத்தியானம் உன் கடிதத்தைக் கொடுத்தேன், தானே இரண்டு தடவை படித்துவிட்டார். திங்கட்கிழமை நான் செய்த வேலை அம்மாவுக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன், நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வேன்.

டிக்கெட் எல்லாருக்கும் கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. எந்த ரயில், எந்தப் பஸ் என்று பார்க்காதே, கிடைத்ததில் ஏறு. நேரமாகிவிட்டதே, கல்யாணம் முடிந்திருக்குமே என்று வழியில் எங்கேயும் நினைத்துவிடாதே. பங்குச் சாமியாரிடம் இன்றே போய்ச் சொல்லப்போகிறேன். நீ வந்து கையைப் பிடிக்காமல் அமலோற்பவம் கோயில் படி ஏற மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இந்தத் தடவை நான் காத்திருப்பேன்.

அந்த இன்லண்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அப்படியே கொண்டுவா. கல்யாண அடுப்பில் நானே போடுகிறேன்.

பதிலை எனக்கே எழுது. அனுப்புநர் முகவரி போட மறக்காதே. என் முகவரிக்கு 'தங்கை கிரேஸ், கல்லேரிக்குப்பம்' என்று எழுது. ஊரில் கிரேஸ் நான் ஒருத்திதான், தவறாது. பையைப் பிரிக்கும்போது மேலே அந்த இரண்டு வார்த்தை இருந்தால் போதும் அண்ணா, உள்ளே நீ எவ்வளவு திட்டியிருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை இருக்கட்டும். உன் ரயிலுக்கும்தான்.

உன் தங்கை,
கிரேஸ்