பொன்னி வரமாட்டாள்

செய்யூர் ரோடு,
4-5-1976

அக்கா வரலட்சுமிக்கு, லோகநாயகி எழுதிக்கொள்வது. நைனாவுக்கு இருமல் முன்னைக்குக் குறைவு. சின்னவள் பொன்னி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அம்மா என்னோடு பேசுவதில்லை. நலம் இவ்வளவுதான், இதற்கு மேல் விசாரித்து எழுத எனக்கு மனம் இல்லை.

இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்குப் போடாமல் பக்கத்து வீட்டு ஞானம்மாள் அத்தை பெயருக்குப் போட்டிருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே அடுப்பில் போட்டுவிடு.

நான் சொன்னதை அம்மா உனக்குச் சொல்லி அனுப்பியதற்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், நீயே ஒரு தடவை படித்துப் பார். "ஒண்ணரை வருஷமா வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சினு இருந்த? அப்பவே ஏன் சொல்லல? எனக்கு ரெண்டாவது பொறக்கப் போற நேரத்துல என் குடியக் கெடுக்கறியா?" இதற்குக் கீழே, கல்யாணம் தள்ளிப் போகிற வயிற்றெரிச்சலா என்றும் கேட்டிருக்கிறாய். எனக்குப் பதினாறு வயது. எந்தக் கல்யாணம் தள்ளிப் போயிற்று?

மாமா என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன்.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நீ ஐந்து மாதக் குழந்தையோடு செங்கல்பட்டுக்குத் திரும்பினாய். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி உன்னோடு அனுப்பினார்கள். உன் வீட்டுக்காரர் கண்டக்டராக இருக்கிற பஸ்ஸிலேயே போனோம். நிறைய ஜனம். அவர் என்னைக் காட்டி, "அக்காளுக்கு டிக்கெட் போட்டா தங்கச்சி இனாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கூடைக்காரிகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, வெட்கத்தைப் பார் என்றாள். அன்றிலிருந்து நான் எது செய்தாலும் அதற்கு அதுதான் பெயர். அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து வெளியே போனேன், வெட்கம் என்றீர்கள். சோறு வேண்டாம் என்றேன், அதுவும் வெட்கம். அழுதேன். அதற்கும் அதே பெயர்தான்.

அக்காள் புருஷன் கேலி பேசுவது எங்கும் உள்ளதுதான். நம் ஊரில் யார்தான் பேசவில்லை? அதனாலேயே எது கேலி, எது கேலி இல்லை என்று எனக்குப் பல நாள் பிடிபடவில்லை. சடையை இழுத்தால் கேலி. வளையல் புதுசா என்று கையைப் பிடித்தால் கேலி. பிடித்த கையை விடாவிட்டால் அது என்ன? இதை யாரிடம் போய்க் கேட்பது? கோளாறு என்னிடம்தானோ என்று நினைத்தேன்.

குழந்தைக்கு அம்மை குத்திக்கொண்டு வர நீ போயிருந்த அன்று, அவர் ட்ரிப்புக்கு நடுவில் வீட்டுக்கு வந்தார். நடந்ததை எழுத மாட்டேன். கதவை உள்ளே தாழ் போட்டார் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஞானம்மாள் அத்தை முறம் கேட்டுக் கதவைத் தட்டியதால் திறந்தார். அவர்களிடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பிப் போனார்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்கிறாய். சொன்னேன். அன்று சாயங்காலமே உன்னிடம் சொன்னேன். மாமா என் கையைப் பிடிக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்றேன். எனக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதிக்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது, யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நீ என்ன சொன்னாய்? "மாமன் கையப் புடிக்காம ஊரான் வந்தா புடிப்பான்? இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கினு கீற." அதோடு விட்டாயா? அவருக்குச் சோறு போடும்போது, உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது என்று அவரிடமே சொன்னாய். "கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நீயும் சிரித்தாய். இவள் சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தெரிய வைத்தவள் நீ.

கிளம்பியாவது வந்திருக்கலாமே என்பாய். கிளம்பினேன். மறுவாரம் நீ துவைக்கப் போயிருந்தபோது, குழந்தையை ஞானம்மாள் அத்தையிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வேறு பஸ்ஸில் ஏறப் போனேன். அந்தக் கண்டக்டர், நீ ஜானகிராமன் கொழுந்தியா இல்லையா, உனக்கு எதற்கம்மா இந்த வண்டி என்று சொல்லி, நல்ல மனசோடு கூட்டிக்கொண்டு போய் உன் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார வைத்தார். உன் வீட்டுக்காரர் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று பஸ் முழுக்கச் சொன்னார். என்ன தங்கமான மனுஷன் என்று பக்கத்தில் இருந்தவள் என்னிடமே சொன்னாள்.

நம் ஊர் ஸ்டாப் வந்தது. நான் எழுந்து நின்றேன். ஏறுவதற்கு அங்கே ஆள் இல்லை, இறங்குவதற்கும் என்னைத் தவிர யாரும் இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நிற்காமல் போயிற்று. நம் வீட்டுக் கூரை தெரிந்தது. அம்மா வாசலில் வேர்க்கடலையைக் கிளறிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. செய்யூரில் பஸ் திரும்பும் வரைக்கும் அவர் படியிலேயே உட்கார்ந்து டீ குடித்தார். திரும்பி வரும்போதும் நம் ஸ்டாப்பில் அதே இரண்டு விசில். பொழுது சாய்வதற்குள் நான் உன் வீட்டில் இருந்தேன். கொழுந்தியாளுக்கு ஊர் சுற்றிக் காட்டினேன் என்று உன்னிடம் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா?

ஒரு சத்தம் போட்டிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார். ஏன் போடவில்லை என்று நீ கேட்பாய். நானே என்னைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். கடையில் உப்பு கேட்கவே எனக்குக் குரல் எழும்பாது. அத்தனை பேரும் அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது என்ன சொல்லிக் கத்துவது? முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார் என்றா?

பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லத்தான் இருந்தேன். வந்த அன்றே நைனா ரத்தம் கக்கினார், அவரைப் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே தங்கிவிட்டேன். அதன் பிறகு வாரா வாரம் அவரை ஊசிக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது யார்? உன் வீட்டுக்காரர். முன் சீட்டு கொடுத்து, டிக்கெட் கேட்காமல், சாயங்காலம் நம் ஸ்டாப்பிலேயே கைபிடித்து இறக்கி விடுவார். நைனா பிழைத்தது அந்த பஸ்ஸால்தான் என்று ஊரே பேசுகிறது. அது பொய்யும் இல்லை. என் வாயில் இருந்தது கொழுக்கட்டை இல்லை அக்கா, நைனாவின் ஊசி.

பிறகு இப்போது மட்டும் ஏன் அம்மாவிடம் சொன்னேன்? பிரசவத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்று நீ பொன்னியைக் கேட்டாய். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மாமா விசில் ஊதக் கொடுப்பார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் என்னைப் போல் இல்லை, எதற்கும் சிரிப்பாள். நான் தலை குனிந்ததற்கு ஒரு பெயர் வைத்தீர்கள். அவள் சிரிப்புக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி இந்நேரம் அவர் உனக்கு ஒரு கதை சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். நான் அவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. பொன்னிக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிட்டு, துணி மூட்டையோடு ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பஸ் வந்து நின்றது. அவர் படியில் நின்றுகொண்டு, "ஏறு புள்ள, இனிமே இனாம் டிக்கெட்டு நீதான்" என்றார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பொன்னி கையிலிருந்து மூட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பொன்னி வரமாட்டா. நீ வண்டிய எடு."

அவரை நீ என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. சன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "இன்னா லோகு, வெக்கமெல்லாம் வுட்டுப் போச்சா?" என்று சிரித்தார். இந்தத் தடவை அவரோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் போட்ட கதையை இங்கேயே சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் விசில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ஊர் கேட்டுவிட்டதே என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நைனா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று திங்கட்கிழமை, ஊசி நாள். நைனா விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். அந்த பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. சவுக்குக்கட்டை லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, கட்டை மேல் ஏறி உட்கார்ந்து மதுராந்தகம் போனார். அங்கிருந்து ரயிலில் செங்கல்பட்டு. திரும்பி வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. "அடுத்த வாரமும் லாரி வரும்" என்று மட்டும் சொன்னார்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் எழுத மாட்டேன். ஆனால் நீ என்னைப் பற்றி அவரிடம் சொல்லிச் சிரித்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நீ உடனே சிரிக்கவில்லை. முதலில் அவர் முகத்தைப் பார்த்தாய். அவர் சிரித்த பிறகுதான் சிரித்தாய். அவர் கேலிக்கு நீ சிரிக்க மறந்த நாட்களிலும் நான் அந்த வீட்டில் இருந்தேன். மறுநாள் ஞானம்மாள் அத்தை வீக்கத்தைப் பார்த்துக் கேட்டால் குழாயடியில் வழுக்கிவிட்டது என்பாய். ஒருத்திக்கு எத்தனை தடவை வழுக்கும்? அப்போது நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு. இரண்டாவது பிரசவம் தாய்வீட்டில் வழக்கமில்லை என்று அம்மா சொல்வாள், சொல்லட்டும். திங்கட்கிழமை அவர் முதல் ட்ரிப் கிளம்பிய பிறகு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போ. ஞானம்மாள் அத்தை துணைக்கு வருவார்கள், அவர்களுக்கும் தனியாக இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். துணிமணி எதையும் எடுக்காதே. மதுராந்தகத்தில் இறங்கினால் மாட்டு வண்டி கட்டி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தவளை என்ன ஏது என்று யாரும் கேட்காதபடி நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அம்மன் உன்னையும் குழந்தையையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும். நைனா ஊசி போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஸ்டேஷனிலேயே காத்திருப்பார். எத்தனை ரயில் போனாலும் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார். அவரால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. அவரைத் தனியாகத் திரும்பி வர விடாதே.

உன் தங்கை,
லோகநாயகி