பாதி மாத்திரை

புதன், இரவு

லேசான பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவரை இன்று மயிலாப்பூர் வீட்டுக்கு அழைத்து வந்தேன். புற்றுநோய் வலிக்குத் தரும் மார்ஃபின்கூடக் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இனி பாதி மாத்திரைதான். வாய் கோணினால் உடனே கூட்டிவர வேண்டுமாம்.

சாப்பிட்டதுமே வலி தொடங்கிவிட்டது.

"இன்னொரு பாதியும் குடு, மீனா."

"திரும்ப வந்துட்டா என்னங்க பண்றது?"

"வரட்டும். இந்த வலி வேணாம்."

டாக்டருக்குப் போன் செய்தேன். "குடுங்க. ஆனா முகத்தைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். கொடுத்தேன்.

"கொஞ்சம் சிரிங்க."

"இப்ப எதுக்குடி சிரிப்பு?" என்று கேட்டுக்கொண்டே சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். நான் உதட்டை மட்டும்தான் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

தூங்கிவிட்டார். எழுப்பி இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லலாமா என்று இருக்கிறது.