பாதியிலை நிண்ட ஆண்டு விழா

உ

கொழும்புத்துறை,
செவ்வாய்க்கிழமை.

அன்பான மகன் பிரணவனுக்கு,

நானும் அப்பாவும் இஞ்சை நல்ல சுகம், நீயும் மருமகளும் அந்தக் குளிருக்குள்ளை ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணுமெண்டு நல்லூர் முருகனை நினைச்சுக்கொண்டுதான் எழுதுறன். போனிலை சொல்ல வெளிக்கிட்டால் "சுருக்கிச் சொல்லுங்கோ அம்மா" எண்டுவாய், உது சுருக்கிற கதையில்லை, அதுதான் பேனையை எடுத்தனான். ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டுத்திட்டச் சேவைக் கழகத்துக்குப் பத்தாவது ஆண்டு விழா. கழகத்தின்ரை வரலாற்றை நான்தான் பேசவேணுமெண்டு பொடியள் சொல்லிப்போட்டாங்கள், எனக்கு ஒரு கிழமையாய் நித்திரை இல்லை.

நீ வெளிநாடு போன பிறகுதானே நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தனாங்கள், உனக்கு முதல் கதை தெரியாது. தோட்டம் செய்த எங்களையும் கடற்றொழில் சனத்தையும் அரசாங்கத்தார் பக்கத்துப் பக்கத்திலை வீடு குடுத்து இருத்தினவை, ஆளுக்காள் முகம் பாக்கிறேல்லை. பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணையின்ரை ஆடு அப்பா வைச்ச மிளகாய்க் கண்டைத் திண்டதிலை இரண்டு பேருக்கும் கதை பேச்சே இல்லை. அந்த மனிசன் ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியிலை கிடக்க, பக்கத்திலை நிக்க ஆளில்லை, பிள்ளையள் எல்லாம் பிரான்சிலை. அப்பாதான் சுடுதண்ணிப் போத்திலையும் பாயையும் தூக்கிக்கொண்டு போனார். அதுக்குப் பேந்து எங்கடை தெரு ஒழுங்கையிலை இருந்த எல்லாரும் நாளுக்கொராளாய் முறை வைச்சு அவரோடை நிண்டவை. அவர் தடியோடை நடந்து வந்த அண்டு எங்கடை வாசலிலை கதிரையைப் போட்டு இருந்து, "இனி இஞ்சை ஒருத்தரும் ஆஸ்பத்திரியிலை தனியக் கிடக்கக்கூடாது" எண்டார். அப்பிடித்தான் கழகம் துவங்கினது, இண்டைக்கும் அவர்தான் தலைவர். கொரோனாவுக்குள்ளை வீடு வீடாய்ச் சாப்பாடு குடுத்ததும் மாரியிலை வாய்க்கால் வெட்டினதும் எல்லாம் அதுக்குப் பிறகு வந்தது.

இதைத்தான் மைக்கிலை சொல்லிக்கொண்டு நிண்டன், ஆட்டுக் கதை வந்த உடனை அப்பா தலையைக் குனிஞ்சு சிரிக்கிறார். அந்த நேரம் பாத்துச் செயலாளர் தேனுஜனுக்குப் போன் வந்தது. எங்கடை ஒழுங்கைப் பிரதீபா, பிள்ளைப்பேறுக்குப் போனவள், பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிக்குதில்லையாம். ஓ நெகற்றிவ் ரத்தம், இருந்ததை ஏத்திப்போட்டினம், இன்னும் வேணுமாம். எங்கடை ஆக்களுக்குள்ளை அந்த ரத்தம் சுபாஜினி ஒருத்திக்குத்தான். அவளுக்கும் பிரதீபா வீட்டுக்கும் வேலிச் சண்டை, வழக்கு வரைக்கும் போனது, அதாலை விழாவுக்கே வரேல்லை. எல்லாரும் ஆளையாள் பாக்கினம். நான் மைக்கை வைச்சுப்போட்டுச் சுபாஜினி வீட்டுக்கு ஓடினன் மோனை, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்த முழங்காலோடை! அவள் மீன் வெட்டிக்கொண்டு இருந்தவள். மூச்சு வாங்கிக்கொண்டு விசயத்தைச் சொன்னன், கத்தியை வைச்சாள். பேந்து கையைக் கழுவிக்கொண்டு, "வாகனம் எங்கை நிக்குது அன்ரி?" எண்டாள். வாகனம் ஆரின்ரை எண்டு நினைக்கிறாய்? எங்கடை திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்திலை இருந்து பிரதம விருந்தினராய் வந்த பேராசிரியரின்ரை! கழுத்திலை மாலையோடை அவரே வாகனத்தை ஓட்டிக்கொண்டு போனார், பொடியள் மோட்டச்சைக்கிளிலை பின்னாலை, மண்டபத்திலை மிஞ்சினது வடையும் வெறுங் கதிரையளும்தான்.

சுபாஜினி ரத்தம் குடுத்தாள். பின்னேரம் டொக்டர் வந்து தாய் தப்பீட்டா எண்டு சொல்ல, போன் வந்த நேரந்தொட்டுப் பதறிக்கொண்டு நிண்ட தேனுஜன் விக்கி விக்கி அழுதான். பொம்பிளைப் பிள்ளை, தலை நிறைய மயிர், நல்ல வடிவு. சுபாஜினி பிள்ளையைத் தூக்கிப் பாத்துப்போட்டு, பிரதீபாவின்ரை புருசனிட்டை "இது வேறை, வேலி வேறை, அதை நான் விடமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தவள். ஆனால் நேற்று முழுக்கப் பிரதீபாவுக்குப் பக்கத்திலை நிண்டது ஆரெண்டு கேட்டால், அவள்தான்!

நீ ஒவ்வொரு முறையும் "உங்கை தனிய இருந்து என்ன செய்யிறியள், இஞ்சை வாங்கோ" எண்டு கேக்கிறாய். ஓம் மோனை, வாறம், பேரப்பிள்ளை பிறக்கேக்கை கட்டாயம் வாறம். ஆனால் கெதியாய்த் திரும்பிவிடுவம், எங்களுக்கு இஞ்சை ஆஸ்பத்திரியிலை நிக்கிற முறை இருக்கு.

மருமகளைக் கவனமாய்ப் பார், குளிருக்கை காதை மூடிக்கொண்டு போ. உங்கை உன்ரை பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினமெண்டு போனமுறை கேட்டனான், தெரியாதெண்டாய். இந்தக் கிழமை ஒருக்கால் போய்க் கதவைத் தட்டு.

நீங்கள் இரண்டு பேரும் நீடு வாழ முருகன் துணையிருப்பான்.

எப்பவும் உங்கடை நினைவோடை,
அம்மா
மு. பாலேஸ்வரி