நாலாவது விரல்

மச்சான், மீன் ஏலத்திலிருந்து பசியோடு வருவீர்கள். இறால் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். கேஸ்காரர் வந்தால், காலி சிலிண்டர் பின்கட்டில்.

நான் சென்னைக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன். ஏரித் தண்ணீரில் சத்து மிஞ்சிப் பாசி மண்டுவதைப் பற்றிய என் ஆய்வை இன்று நானே பேசுவேன். "வாய்ல நுழையாத வார்த்தை இன்னாத்துக்கு? ஏரி கெட்டுப்போச்சுனு சொல்லிட்டு உக்காரு"னு நேற்று உங்கள் தங்கச்சி முன்னால் சிரித்தீர்களே, அந்த யூட்ரோஃபிகேஷனை முழுசாகவே சொல்லப்போகிறேன்.

ஏலத்தில் வாய் திறக்காமல், துண்டுக்கடியில் விரல் பிடித்தே விலை பேசிய வாப்பாவின் மகள் நான். துப்பட்டாவுக்கடியில் கட்டைவிரலில் தொடங்குவேன்: யூ, ட்ரோ, ஃபி, கே, ஷன். விரலுக்கு ஓர் அசை, நாலாவதில் மட்டும் அழுத்தம். எல்லா விரலையும் அமுக்குகிறவனுக்கு விலை படியாது.

தஹ்சீன்

பி.கு.: ஃபிரிட்ஜ் மேல் என் மோதிரம் இருக்கிறது. பயப்படாதீர்கள், கோபித்துக்கொண்டு போகவில்லை. நாலாவது விரலை அமுக்கும்போது இடிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: சாயங்காலம் வந்ததும் நீங்களே போட்டுவிடலாம். அதற்கு முன்னால் அந்த வார்த்தையை, தங்கச்சி முன்னாலேயே, ஒரு தடவை சொல்லிக்காட்டணும். பேரம் கிடையாது.