கோட்டை காட்டப் போன நாள்

காவலூர்,
8.2.2025

அன்பு மகள் செவ்வந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், அம்மாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, என் முழங்கால் பழையபடி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறது. உன் உடம்பும் அங்கே ஸ்காட்லாந்துக் குளிரைத் தாங்கி நன்றாக இருக்க அந்த முருகன் துணை நிற்கட்டும். இங்கேயும் இந்த வருடம் தை மாதப் பனி கொஞ்சம் அதிகம்தான், காலை எட்டு மணிக்குக்கூடத் தோட்டத்தில் இறங்கினால் கால் விறைக்கிறது, சாமை அறுத்து முடித்துக் களத்துக்கு வந்துவிட்டது, உனக்கு இரண்டு கிலோ தீட்டி வைத்திருப்பதாக அம்மா சொல்லச் சொன்னாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவாளாம். வாட்ஸப்பில் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் வேறு ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். ஃபியோனா அம்மாவும் அவர் வீட்டுக்காரர் அலெஸ்டரும் கேரளாவைச் சுற்றிவிட்டு இந்த மாதக் கடைசியில்தான் ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் வந்து போட்டோக்களைக் காட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நேற்று வாணியம்பாடி தபால் ஆபீசில் விசாரித்து வந்தேன், பதினைந்து நாளுக்குள் சேரும் என்றார்கள்.

நீ அங்கே போன முதல் வருடம், குடியிருக்க அறை கொடுத்த அவர்கள் இரண்டு பேரும் உன்னை ஒரு நாள் முழுக்க அரண்மனைக் கோட்டைகள் காட்டக் கூட்டிப்போனதை நீ எழுதியிருந்தாய். உங்கள் மூன்று பேருக்கு மட்டுமாக ஒரு கார், ஒரு வழிகாட்டி, ஒரே நாளில் நான்கு கோட்டை, அந்த ஆள் மடிப்பு வைத்த பாவாடை கட்டிக்கொண்டு கதை சொன்னான் என்று படம் அனுப்பியிருந்தாய், அதை நான் அப்சர்வேட்டரி ஆபீசில் கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டேன், பாவாடையைப் பார்த்து அவர்கள் சிரித்ததை உனக்குச் சொல்லவில்லை. அப்படிச் செய்த மனிதர்கள் இந்தியா வருகிறார்கள், நம் கோட்டைகளை நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள் அப்பா என்று நீ சொன்னதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து வேலூர்க் கோட்டை, செஞ்சிக் கோட்டை இரண்டையும் பற்றி நாற்பது பக்க நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன், புது ஷூ வாங்கினேன், கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பேசிப் பார்த்தேன், அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வண்டிக்கு உன் மாமா சக்திவேலைத் தவிர வேறு யாரை நினைப்பேன். போன மாதம் நாங்கள் கோட்டைக்குப் போன அன்று முகூர்த்த நாள், அவனுக்குக் கல்யாண சவாரி இரண்டு வந்திருந்தது, இரண்டையும் வேண்டாம் என்றான். பாப்பாவோட ஆளுங்களுக்கு நான் வராம வேற எவன் வருவான் என்றானாம் அம்மாவிடம். வெள்ளைக்காரர்களைப் பார்க்கும்போது போட்டுக்கொள்ள என்று ஒரு புதுச் சட்டை எடுத்துப் பின் சன்னலில் ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தான், மலைப்பாதைத் தூசிக்கும் செக்போஸ்டுக்கும் காக்கிச் சட்டையே போதும், வேலூர் போனதும் மாற்றிக்கொள்கிறேன் என்றான்.

மாற்றிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. அவர்கள் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் நாங்கள் போய் நின்றபோதே இரண்டு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள். பெரிய கண்ணாடிக் கதவு, உள்ளே வாசலில் சல்யூட் அடிக்கிற ஆள், கோட்டு போட்டவர்கள் போய் வருகிறார்கள். அலெஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நீங்கள் செவ்வந்தியின் அப்பா, நினைத்ததைவிட இளமையாக இருக்கிறீர்கள் என்றார். சக்திவேல் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்றான், காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, வெற்றிலை போட்ட பல். அலெஸ்டர் அவன் பக்கம் கையை நீட்டிக்கொண்டே, இவர் யார் என்று என்னைக் கேட்டார். நன்றாகக் கவனி, டிரைவரா என்று அவர் கேட்கவில்லை, யார் என்றுதான் கேட்டார். நான் டிரைவர் என்றேன். முப்பது வருடம் அந்த அப்சர்வேட்டரி ஆபீசில் நட்சத்திரம் பார்க்கும் விஞ்ஞானிகளுக்கு நடுவில் ஃபைல் தூக்கியவன் நான், பிரதர்-இன்-லா என்கிற வார்த்தை எனக்கு அன்றைக்கும் தெரியும். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை. சக்திவேல் கையைக் கொடுத்துவிட்டுச் சிரித்தான், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான், போலாமா மாமா என்றான். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரு தடவை சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றத்தானே வேண்டும். வேலூரில் அகழியைச் சுற்றி வந்து, கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைக் காட்டி, நோட்டில் எழுதியதை எல்லாம் கொட்டினேன், நன்றாகத்தான் பேசினேன் செவ்வந்தி, அதையும் சொல்லத்தான் வேண்டும், ஃபியோனா அம்மா எங்கள் ஊர் வழிகாட்டி உங்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்றார். சக்திவேல் பத்தடி பின்னால் தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆரணியில் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது நான்கு நாற்காலி இருந்தது. அவர் சாப்பிட வரவில்லையா, எங்கள் ஊரில் வழிகாட்டி எங்களோடு ஒரே மேசையில்தானே சாப்பிட்டார், செவ்வந்திகூட அவருக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தாளே என்று அந்த அம்மா கேட்டார். இங்கே அது வழக்கம் இல்லை, டிரைவர்கள் தனியாகச் சாப்பிடுவார்கள், அதுதான் அவர்களுக்கும் வசதி என்றேன். நம் வீட்டில் உன் அம்மா இலை போட்டால் முதல் சோறு யாருக்கு விழும் என்று உனக்குத் தெரியும். அவன் வெளியே வேப்பமரத்து நிழலில், உன் அம்மா எல்லோருக்குமாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் உள்ளே ஏசியில் உட்கார்ந்து அப்பளத்தை எப்படி உடைப்பது என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

செஞ்சியில் என் முழங்கால் கையை விரித்துவிட்டது. நீங்கள் கீழே இருங்கள், டிரைவரோடு பாதி மலை வரை ஏறிவிட்டு வருகிறோம் என்றார்கள். சக்திவேல்தான் கூட்டிப்போனான். குரங்குகளை விரட்டி, அந்த அம்மாவுக்குக் குடை பிடித்து, வழுக்குகிற படியில் முதலில் தான் கால் வைத்துக் காட்டி ஏற்றிக்கொண்டு போனதைக் கீழே கல்யாண மகால் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பாஷை தெரியாமல் மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். வண்டிக்கிட்டே வந்ததும் ஃபியோனா அம்மா கைப்பையிலிருந்து நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்தார். இது செவ்வந்தியின் மாமா சக்திவேலுக்கு, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், சின்ன வயசில் ஆலங்காயம் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டது, இங்கிலீஷ் வகுப்புக்கு எட்டு மாதம் வேலூர் கூட்டிப்போய் வாசலில் காத்திருந்தது எல்லாம் சொல்லியிருக்கிறாள், எப்போது பார்த்தாலும் அவர் பேச்சுத்தான், அவரை நாங்கள் பார்க்க முடியுமா என்று கேட்டார். சக்திவேல் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பேர் இரண்டு தடவை காதில் விழுந்தது, அங்கிள் என்கிற வார்த்தை யாருக்குத்தான் தெரியாது, அவன் துணியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்வையில் கோபம் இல்லை, இப்போது சொல்லிவிடுவார் என்கிற முகம். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சிரித்துச் சரி செய்திருக்கலாம். அவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன், ஊரில் இல்லை, வந்ததும் நான் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

காலையில் சொன்ன பொய் வெளியாகிவிடும் என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். எப்போது பார்த்தாலும் அவர் பேச்சுத்தான் என்று அந்த அம்மா சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்பது பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு போனவன் நான், அப்பாவைப் பற்றி என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதற்கு வேறு பேர் இல்லை.

சக்திவேல் துணியை மடித்து வைத்தான், பின் கதவைத் திறந்துவிட்டான், ஏறச் சொல்லுங்க சார் என்றான். இருபத்தெட்டு வருடமாக மாமா என்று கூப்பிட்ட வாய். அதற்குப் பிறகு வேலூர் வரைக்கும், அங்கே அவர்களை இறக்கிவிட்டு மலையேறி வீடு வரும் வரைக்கும், வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோதும், வண்டியை ஓரமா நிறுத்தட்டுமா சார், கண்ணாடியை ஏத்திக்குங்க சார், அவ்வளவுதான் பேச்சு. அம்மா அவனுக்குச் சோறு வைத்துக் காத்திருந்தாள், பசி இல்லை என்று வாசலோடு போய்விட்டான். அம்மா என்ன என்று கேட்டாள், களைப்பு என்றேன். பிறகு ஒன்பது நாள் அவன் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பத்தாம் நாள் அம்மா பீரோவில் துணி அடுக்கும்போது அவன் பேர் எழுதிய பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது என்று கேட்டாள், அப்போதும் மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன், சொல்லிவிட்டு நிற்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. இரண்டு நாள் நேரத்துக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தாள்.

போன வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். உன் அத்தை நதியா நாற்காலி எடுத்துப் போட்டாள், அவன் வாங்க என்றான், மாமாவும் இல்லை, சாரும் இல்லை. பொட்டலத்தைக் கொடுத்தேன், நான் செய்தது தப்பு சக்திவேல் என்றேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பேசினான். “டிரைவர்னு சொன்னீங்க, அதுல இன்னா தப்பு, இருவது வருசமா அத்தத்தான் செஞ்சிக்கினு கீறேன். அதுக்கு நான் வருத்தப்படல. ஊர்லயே இல்லன்னு சொல்ட்டீங்களே. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்.”  அந்த அம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன், வேண்டாம், வெளியாளுங்க முன்னாடி உங்களத் தலகுனிய வெச்சு எனக்கு இன்னா ஆவப்போவுது என்றான். நான் எழுந்தபோது பின்னாலேயே வாசல் வரை வந்தான். “பாப்பாவுக்கு மட்டும் இத எழுதிடாதீங்க. அது உங்களப் பெரிய ஆளா நெனச்சிக்கினு கீது. அப்பிடியே இருக்கட்டும்.”

அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவனைக் கண்ணெதிரே இல்லாதவன் ஆக்கியவன் நான், என் பேர் உன்னிடம் கெடக்கூடாது என்று கவலைப்படுகிறவன் அவன். வெளியாட்களிடம் சொல்ல வேண்டாம், உனக்கு எழுத வேண்டாம், அவன் என்னிடம் கேட்டது இவை இரண்டுதான், இரண்டையும் நான் கேட்கவில்லை, இதோ எழுதிவிட்டேன். மறைத்து வைத்து உன்னிடம் பெரிய ஆளாக இருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, அம்மா முகத்தைப் பார்க்கவும் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் காட்டும் போட்டோக்களில் மலைப்படியில் குடை பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான், டிரைவர் மிகவும் நல்லவர் என்று ஃபியோனா அம்மா சொல்வார். அது என் மாமா என்று நீ சொல்லிவிடு. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் எனக்காக ஒன்றும் ஜோடிக்காதே, இந்தக் கடிதத்தை இங்கிலீஷில் படித்துக் காட்டு, பொறாமை என்று எழுதிய இடத்தையும் விடாதே.

குளிர் குறைகிறது என்று தொப்பி இல்லாமல் வேலைக்கு ஓடாதே, இரவு வேலை முடிந்து வரும்போது தோழிகளோடு சேர்ந்து வா, நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு எந்தக் குறையும் வராமல், யார் முன்னாலும் நம் ஆட்களை நம் ஆட்கள் என்று சொல்லும் தைரியத்தோடு நூறு வயசு நன்றாக இரு என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ முதலில் எனக்குப் போன் செய்கிறாய், பத்து நிமிடம் தாமதமானாலும் நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்துதான் செய்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். இனிமேல் முதலில் மாமாவுக்குப் போடு. அவனோடு பேசி முடித்த பிறகு எனக்கும் போடலாம் என்று உனக்குத் தோன்றினால் போடு, நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
புருஷோத்தமன்