பெயர் மாற்றிய ஃபைல்

செவ்வாய், இரவு

செம்பூர் ரத்தப் பரிசோதனை லேபின் சர்வரில் ஞாயிற்றுக்கிழமை புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டோம். ரிப்போர்ட் அடிக்கும் பழைய ப்ரோகிராம் அதில் ஓடவில்லை. அது கணக்குப் போடத் துணைக்குக் கூப்பிடும் பழைய லைப்ரரி ஃபைல் புது சிஸ்டத்தில் கிடையாது. என்கீழ் வேலை பார்க்கும் சேகர் நேற்று என்ன செய்தான்? புது லைப்ரரிக்குப் பழையதன் பெயரை வைத்துவிட்டான். ஆதார் கார்டில் பெயரைத் திருத்தினால் ஆளே மாறிவிடுவானாம். இவனெல்லாம் என்ஜினியர்!

ப்ரோகிராம் ஓடத்தான் செய்தது. இன்று காலை தேவ்நாரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கவுண்டரில் நின்று ரிப்போர்ட்டை ஆட்டினார். "சுகர் ஜீரோன்னு போட்டிருக்கே, நான் உசுரோட இருக்கேனா இல்லியாம்மா?"

சேகரைக் கேட்டேன். "ஓடுதுல்லக்கா? சலேகா, விடுங்க" என்றான். சலேகாவாம்! இந்தியில் 'பரவாயில்லை, இதுவே போதும்'. இந்த ஊரில் பாதி அந்த ஒரு சொல்லை முட்டுக்கொடுத்துத்தான் நிற்கிறது. எல்லோர் முன்னாலும் வெளுத்து வாங்கினேன். மேனேஜர் அவனுக்கு மெமோ கொடுத்தார்.

பிறகு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய சர்வரை ஆன் பண்ணி, அசல் லைப்ரரியைத் தேடினேன். அங்கேயும் அசல் இல்லை. அதே மாதிரி பெயர் மாற்றிய ஃபைல். பக்கத்தில் ஒரு குறிப்பு: "இப்போதைக்கு இது போதும். அடுத்த வாரம் சரி பண்ணணும்." கீழே என் பெயர். நாலு வருஷமாகிறது. அன்று எனக்கு அதிர்ஷ்டம், ஜீரோ வரவில்லை.

அந்த ஃபைலையே காப்பி பண்ணிப் போட்டேன். சுகர் சரியாக வந்தது. குறிப்பை மட்டும் அழித்தேன்.

கிளம்பும்போது சேகர் வந்து, "காப்பாத்திட்டீங்கக்கா" என்றான்.