முள்ளுக்குள் போகாத நீலக்கோடு

அன்பு மகள் பாண்டிமீனாவுக்குச் சித்தப்பா கண்ணுச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் மாடுகன்றும் சுகம், டென்மார்க் குளிரில் நீ சுகமாயிருக்கக் கருப்பசாமியைக் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீ வந்திருந்தபோது முத்துச்செல்வி டீச்சருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காசில்லாத மேப் சாப்ட்வேர் போட்டுக்கொடுத்தாயே, அதில் ஊருணி, கிணறு, வேப்பமரம் வரைக்கும் ஏற்றிவிட்டார்கள், டெல்லியிலேயே நம்ம ஊரைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் டீக்கடையில் சொல்லிவைத்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மட்டும் பெரியவர் யாராவது நடந்து பதியணும், முள்ளுக்குள் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்றார் டீச்சர். போனைப் பையில் போட்டு நடந்தால் போன வழியெல்லாம் கோடாக விழுமாம், நான்தான் முந்திக்கொண்டு அந்த வேலையை வாங்கினேன். பாதி தூரம் கால்வாயோடுதான் நடந்தேன், பொய்யில்லை. அப்புறம் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது, பாம்புச் சட்டை வேறு. மெல்ல வெளியேறி ராக்கம்மாளின் மல்லிகைத் தோட்டம் வழியாகப் போய் அந்தப் பக்கம் ஏறினேன், கோடும் என்கூடவே வந்துவிட்டது. வகுப்பிலே போய், முள்ளை வெட்டிக்கொண்டே நடந்தேன், நல்லபாம்பே எனக்கு வழிவிட்டது என்று அளந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், டீச்சர் அதையே மேப்பில் வாய்க்காலென்று நீலக்கோடாக்கிவிட்டார்.

போன சனிக்கிழமை வரத்துக்காலைத் தூர்வாரக் கப்பலூரிலிருந்து ஜேசிபி வந்தது. டிரைவர் வெளியூர்க்காரர், மேப்பைப் பார்த்தே ஓட்டியிருக்கிறார், வாய்க்காலை ஆக்கிரமித்துப் பூச்செடி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். ராக்கம்மாள் பூவோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், நானோ கண்மாய்க் கரையில் யூடியூப்காரர் ஒருவருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்தபோது ஒரு வரிசைச் செடி வேரோடு மண்மேட்டில் கிடந்தது. என்னைப் பார்த்து, "எங்கப்பன் வச்ச செடிண்ணே, புறம்போக்குங்குறாக. பச்சப்புள்ளைக போட்ட படமாம்ல, அதுகள நான் என்னன்னு வைய?" என்றாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கணும் தாயி, சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது ஊரில் அவளை ஆக்கிரமிப்புக்காரி என்கிறார்கள், பிள்ளைகளோ நீயா தப்பாப் போட்ட, நானா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நான் மறுசோறு வாங்கவில்லை என்று உன் சித்தி காய்ச்சலா என நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்று அரிவாளோடு போய் அம்புட்டு முள்ளுக்குள்ளும் நடந்து சரியாகப் பதிந்துவிட்டேன். உடம்பெல்லாம் கீறல். பாம்பு ஏதும் வரவில்லை, ஒரு கீரிப்பிள்ளை வந்தது, அதுவும் வழிவிடவில்லை. நாளைக் காலையில் ராக்கம்மாள் தோட்டத்துக்குப் போறேன், முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு, அவள் விட்டால் செடியைத் திரும்ப நட மண்வெட்டியைத் தொடுவேன்.

நோய்நொடி அண்டாமல் நீ நல்லா இருக்கணும், காதை மூடாமல் வெளியே போகாதே. சித்தி இதைப் படம்பிடித்து அனுப்புவாள். படித்ததும் நீ அங்கிருந்தே அந்தக் கோட்டைத் திருத்திவிடுவாய், எனக்குத் தெரியும், கை வைத்துவிடாதே. எப்படி அழிப்பது என்று மட்டும் எழுது. திங்கட்கிழமை பிள்ளைகள் பார்க்க அதை நானே அழிக்கணும்.

உன் சித்தப்பா,
கண்ணுச்சாமி